ஒரு படத்தில் ஒரே ஒரு நேரம்



டி-ஸ்கொயரும் செட்-ஸ்கொயரும் பிடித்துப் பழகிய கை நம்முடையது. கோடு கொஞ்சம் கோணினாலும் ஷீட் திரும்பி வந்துவிடும். ஆனால் கோடே இல்லாத அந்தி வானத்தை வரைவது எப்படி? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் கண்மாய்க் கரை கிழக்கில் இருக்கும். மாலையில் கரைமேல் உட்கார்ந்தால் எதிரே தண்ணீர், அதற்கப்பால் சூரியன். போன மார்கழியில் அங்கே உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். மேகம் மாற மாற நானும் மாற்றிக்கொண்டே இருந்தேன். இருட்டிய பிறகு அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஒரு காலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். ஃபிளக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைத் தொட்டதில்லை. விளக்கருகே பிடித்துப் பார்த்தவர், "மேல அஞ்சே முக்கால், தண்ணில ஆறே கால். ஒரு படத்துல ரெண்டு நேரம் இருக்கேடா!" என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட 450 நானோமீட்டர் நீல ஒளி காற்றில் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறும். மாலையில் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. சூரிய வட்டம் அடிவானைத் தொட்டு மறைய நம் ஊரில் 2 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். மறைந்த பின் தாழ்ந்த மேகம் முதலில் சாம்பலாகும். உயரத்து மேகம் இன்னும் சிவந்திருக்கும். இரண்டையும் கலந்தால் பொய் வானம்தான் வரும்.

ஆகவே முறை இதுதான். முதல் 5 நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு நேரத்தைத் தேர்ந்து தாளின் மூலையில் எழுதுங்கள். மேகத்தின் உருவத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்றும் எழுதிவிடுங்கள். பிறகு தாளை நனைத்து, அடிவானத்தில் மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு, ரோஸ், உச்சியில் நீலம். மஞ்சளும் நீலமும் நேரே சேர்ந்தால் வானம் பச்சையாகிவிடும். நடுவே ரோஸ் இருக்கட்டும். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும், ஆகவே கொஞ்சம் அழுத்தமாகவே பூசுங்கள். மேகச் சாம்பலுக்குக் கறுப்பு வேண்டாம். நீலத்தில் ஆரஞ்சு கலந்தால் போதும். தண்ணீரில் இதே நிறங்கள் தலைகீழாக, ஒரு படி மங்கலாக வர வேண்டும். காய்ந்தபின் படுக்கைவாட்டில் நாலு இழுப்பு இழுத்தால் அலை.

அதன்பின் வானம் எவ்வளவு அழகானாலும் அந்தத் தாளைத் தொடாதீர்கள். வேறு தாள் எடுங்கள். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்து, அதனால் உலகெங்கும் அந்திவானம் வினோதமாகச் சிவந்தபோது, லண்டனில் தேம்ஸ் கரையிலிருந்து வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் பாஸ்டலில் 500-க்கும் மேற்பட்ட வான்படங்கள் வரைந்தார். ஒரே படத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் அவை கிடைத்திருக்குமா?

மறுநாள் அப்பாவும் கரைக்கு வந்தார். "அஞ்சு அம்பதுன்னு எழுது" என்றார். வானத்தை நான் பூசினேன். தண்ணீரின் அலைகளை, கேட்காமலே பிரஷ்ஷை வாங்கி, அவர் இழுத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. அலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

நீங்களும் ஒரு மாலை முயன்று பாருங்கள், தோழர்களே!