சுகர்னோ தொடுத்த போரும் வரலாற்றின் தீர்ப்பும்

பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரை அதிகத் தொலைவில் இல்லை. சிறுவயதில் பள்ளி விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு அங்குச் செல்வது எங்கள் வழக்கம். கடலின் அக்கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'சுமத்ரா' என்பார் அப்பா. அந்த அக்கரை நாடு ஒரு காலத்தில் நம்மீது போர் தொடுத்தது என்பதை இடைநிலைப் பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில்தான் அறிந்தேன். தேர்வுக்காக ஆண்டுகளை மனனம் செய்தேன். எழுதி முடித்ததும் மறந்தேன். ஆனால், ஒரு கேள்வி மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு நாட்டின் அதிபர் போருக்குச் செல்வதென எடுக்கும் முடிவை வரலாறு எந்த அளவுகோலால் அளக்கிறது? இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவை முன்வைத்து இக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன்.

போர் மூண்ட கதை

1961 மே 27-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியா என்னும் கூட்டமைப்பு யோசனையை வெளியிட்டார். 1962 டிசம்பரில் புருணையில் அதற்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. 1963 ஜனவரியில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபந்திரியோ, மலேசியாவுக்கு எதிரான 'கொன்ஃப்ரொந்தாசி' கொள்கையை அறிவித்தார்.

அதே ஆண்டு மணிலாவில் துங்கு, சுகர்னோ, பிலிப்பீன்ஸ் அதிபர் மக்கபகல் ஆகிய மூவரும் ஒன்றுகூடினர். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டு நிறுவனம் கண்டறியட்டும் என்று முடிவாயிற்று. மக்களில் பெரும்பான்மையினர் மலேசியாவை ஆதரிக்கின்றனர் என்று ஐ.நா. குழு கூறியது. சுகர்னோ அதனை ஏற்கவில்லை. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா மலர்ந்தது. 1964 மே 3-இல் சுகர்னோ 'டுவிகோரா' எனும் கட்டளையைப் பிறப்பித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 17-இல் இந்தோனேசியப் படையினர் ஜொகூரின் பொந்தியானில் கரையிறங்கினர். செப்டம்பர் 2-இல் லாபிஸ் வட்டாரத்தில் வான்குடை வீரர்கள் குதித்தனர். பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர் அல்லது கொல்லப்பட்டனர். எனினும், போரின் பெரும்பகுதி போர்னியோ எல்லைக் காடுகளில்தான் நடந்தது.

சுகர்னோ தரப்பு நியாயம்

ஒருவரை எடைபோடும்முன் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்பது அறம். சுகர்னோ டச்சுக்காரர்களின் சிறையையும் நாடுகடத்தலையும் கண்டவர். 1945-இல் விடுதலையை அறிவித்தவர். 1955-இல் பண்டுங் மாநாட்டைக் கூட்டி ஆசிய ஆப்பிரிக்க நாடுகளைத் தலைநிமிரச் செய்தவர். பிரிட்டனின் படைத்தளங்கள் நீடிக்கும் ஒரு புதிய நாடு, காலனித்துவத்தின் மறுவடிவமே என்று அவர் ஐயுற்றதில் வியப்பில்லை. மேலும், ஐ.நா. குழு தன் பணியை முடிக்கும் முன்பே மலேசியா உருவாகும் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டது. இது அவருடைய சினத்திற்கு நெய் வார்த்தது. ஆகவே, அவருடைய ஐயத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஐயத்திலிருந்து போருக்குத் தாவிய முடிவைத்தான் நாம் ஆராய வேண்டும்.

வள்ளுவர் தரும் அளவுகோல்

இதற்கு நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல் என அடுத்தடுத்து வரும் இரு அதிகாரங்களே போதும். எது அழியும், எது ஆகும், முடிவில் மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது முன்னது. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, இரு பக்கத்துத் துணைகளின் வலிமை ஆகியவற்றைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது பின்னது.

இந்த அளவுகோலில் சுகர்னோவின் முடிவு தேறவில்லை. மலேசியாவுக்குத் துணையாகப் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து படைகள் நின்றன. உலக அரங்கிலோ, 1965 ஜனவரியில் ஐ.நா.விலிருந்தே வெளியேறித் தம் நாட்டைத் தனிமைப்படுத்தினார் சுகர்னோ. மலேசியாவை நசுக்கப் புறப்பட்ட போர், மலேசியாவிலேயே எதிர்விளைவைத் தந்தது. 1964 தேர்தலில் துங்குவின் கூட்டணி 104 இடங்களில் 89-ஐக் கைப்பற்றியது. இந்தோனேசியாவில் 1965, 1966-ஆம் ஆண்டுகளில் பணவீக்கம் 600 விழுக்காட்டளவுக்கு ஏறியது. மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வலியறிதல் தரும் பாடம். சுகர்னோ ஏற்றியதோ இரும்பு. அவருடைய தளபதிகளே இரகசியமாகக் கோலாலம்பூருக்குச் சமாதானத் தூது அனுப்பினர். 1966 ஆகஸ்டு 11-இல் ஜாகர்த்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சுகர்னோவின் அதிகாரம் ஏற்கெனவே சுஹார்த்தோவிடம் சென்றிருந்தது. பிரிட்டிஷ் தரப்புக் கணக்கின்படி, இந்தோனேசியர் 590 பேரும் காமன்வெல்த் படையினர் 114 பேரும் மாண்டனர்.

தீர்ப்பு எழுதுவது யார்?

அப்படியானால் வரலாறு சுகர்னோவைக் குற்றவாளி என்று கூறிவிட்டதா? இல்லை. 1967-இல் இந்தோனேசிய மக்கள் பேரவை அவரைப் பதவி நீக்கியது 1965-ஆம் ஆண்டு அரசியல் கொந்தளிப்பின் பேரில்தான். மலேசியப் போருக்காக அன்று. 2012-இல் அவர் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். 2024-இல் அந்தப் பதவிநீக்கத் தீர்மானமே செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் அவருடைய வழக்கு மீண்டும் மீண்டும் விசாரிக்கப்பட்டிருக்கிறது; ஆனால், அண்டை நாட்டின்மீது தொடுத்த போர் அதில் முதன்மைக் குற்றச்சாட்டாக இடம்பெறவே இல்லை.

இன்னொரு சான்று. 1965 மார்ச் 10-இல் சிங்கப்பூரின் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் வெடித்த குண்டில் மூவர் உயிரிழந்தனர். குண்டு வைத்த உஸ்மான், ஹாருண் இருவரும் 1968-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டனர். ஜாகர்த்தா அவர்களைத் தேசிய வீரர்களாக்கியது. 2014-இல் ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரைச் சூட்டியபோது சிங்கப்பூர் கண்டனம் தெரிவித்தது. ஒரே செயலுக்கு இரு கரைகளில் இரு தீர்ப்புகள்! வரலாறு தானாகத் தீர்ப்பெழுதுவதில்லை. எழுதுகோல் எவர் கையில் உள்ளதோ, அவர் தம் இழப்பை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்.

நம் இழப்புக் கணக்கு

நம் கரையின் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று என்பது என் கருத்து. 1965 மார்ச் 1-இல், கொன்ஃப்ரொந்தாசி நெருக்கடியைக் காரணங்காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று துங்கு உறுதியளித்தார். ஊராட்சி முறையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், வழக்கறிஞரும் ம.இ.கா. தலைவர்களுள் ஒருவருமான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. ஆனால், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அத்தேர்தல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதற்குச் சுகர்னோவைக் குறைகூற முடியாது. போர் முடிந்தபின் எடுக்கப்பட்ட முடிவு நம் நாட்டினுடையது. ஆயினும், கதவைத் திறந்துவிட்டது அந்தப் போர்தான். போர் 1966-இல் ஓய்ந்தது. போருக்காகத் தற்காலிகமாக மூடப்பட்ட வாக்குப்பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை. பந்திங்கில் வாழும் நான் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களித்திருக்கிறேன். எங்கள் தெருவிளக்கையும் வடிகாலையும் கவனிக்கும் மன்றத்துக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. என் பெற்றோரும் வாக்களித்ததில்லை.

ஆகவே, ஓர் அதிபரின் போர் முடிவை எடைபோட வெற்றி தோல்வி மட்டும் போதாது. வேறு வழி இருந்ததா, தன் வலிமையை அறிந்தாரா, விலை கொடுத்தவர் யார், போர் ஓய்ந்த பிறகும் மீளாமல் போனது எது எனும் நான்கு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். நான்காவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அதிபர் மாளிகையின் ஆவணங்களில் கிடைக்காது. நம்மைப் போன்ற சிற்றூர்களில்தான் கிடைக்கும்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நம் கரையின் கணக்கை நாம் எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?