பிறந்ததும் அழாத குழந்தை: மூளை ஸ்கேன் என்ன சொல்லும்?



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு உறுப்பினரின் பேரன் பிறந்ததும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றி, 2 வாரம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது 5 மாதம். கழுத்து நிற்கவில்லை. "மறுபடி டாக்டர்கிட்ட காட்டினீங்களா அக்கா?" என்று கேட்டேன். "பிறந்த அன்னிக்கே தலையில ஸ்கேன் எடுத்தாங்க மேடம். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு அலையணும்?" என்றார்.

அந்த அக்கா மேல் தப்பில்லை. யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. அதைத்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம்.

மூளைக்கு என்ன ஆகிறது?

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பிராணவாயு தொப்புள்கொடி வழியாகப் போகிறது. பிரசவ நேரத்தில் கொடி அழுந்தினாலோ, நஞ்சு முன்கூட்டியே பிரிந்தாலோ அது தடைபடும். அழாத குழந்தை எல்லாவற்றுக்கும் பாதிப்பு வராது. பல குழந்தைகள் உடனே மூச்சுக் கொடுத்ததும் தேறிவிடும். ஆனால் தடை அதிகமாக இருந்தால் மூளை பாதிக்கப்படும். மூச்சு திரும்பிய பிறகும் அந்தப் பாதிப்பு மணிக்கணக்கில், நாள்கணக்கில் உள்ளே வளரும். அதனால்தான் முதல் நாள் ஸ்கேனில் தெரியாதது நான்காம் நாள் தெரியலாம்.

மூன்று வகை ஸ்கேன்

1. அல்ட்ரா சவுண்ட்: உச்சிக்குழி மேல் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். குழந்தையை வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. ரத்தக்கசிவு, வீக்கம் தெரியும். ஆனால் பல பாதிப்புகள் இதில் தெரியாமல் போகலாம்.

2. சி.டி. ஸ்கேன்: சீக்கிரம் முடியும். கதிர்வீச்சு உண்டு. அதனால் பச்சிளங்குழந்தைக்கு அவசரம் என்றால்தான் எடுப்பார்கள்.

3. எம்.ஆர்.ஐ.: காந்தத்தால் படம் எடுப்பது. கதிர்வீச்சு இல்லை. பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்க வைத்தே பல நேரம் எடுத்துவிடலாம். மூளையில் எந்த இடத்தில், எவ்வளவு பாதிப்பு என்பதை இதுதான் நன்றாகக் காட்டும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் எடுப்பார்கள். தேவைப்பட்டால் சில நாள் கழித்து இன்னொரு முறையும் எடுப்பார்கள்.

மூளையின் நடுப்பகுதியில் அதிக பாதிப்பு இருந்தால் கை கால் அசைவு, பால் விழுங்குவது கஷ்டமாகலாம். வேறு சில இடங்களில் இருந்தால் பேச்சு, படிப்பில் குறை பின்னால் தெரியவரும். ஆனால் ஸ்கேன் தலையெழுத்து அல்ல. அதைப் பார்த்து மட்டும் குழந்தை நடக்கும், நடக்காது என்று முடிவு கட்ட முடியாது.

நாம் செய்ய வேண்டியது

- ஸ்கேன் படம், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.
- ரிப்போர்ட் நார்மல் என்றாலும் சொன்ன தேதியில் திரும்பக் காட்டுங்கள்.
- 4 மாதத்தில் கழுத்து நிற்காதது, கை எப்போதும் இறுக மூடியிருப்பது, 9 மாதத்தில் உட்காராதது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு சேவை மையம் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவு பலன்.
- ஸ்கேனுக்காகக் கடன் வாங்கும் முன் ஒரு விஷயம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2014-ல் இது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது.

அந்த அக்கா மறுவாரமே பேரனைக் கூட்டிப் போனார். இப்போது பயிற்சி நடக்கிறது. கழுத்து இன்னும் முழுசாக நிற்கவில்லை. "நாலு மாசம் சும்மா விட்டுட்டேனே மேடம்" என்று அழுதார். இன்னொரு குழந்தைக்கு அந்த நாலு மாதம் வீணாகக் கூடாது.

குழுவில் பேசுங்கள்

1. நம் ஊரில் பிறந்ததும் அழாத குழந்தை உண்டா? இப்போது எப்படி இருக்கிறது?
2. முதல் நாள் ஸ்கேன் நார்மல் என்றால் ஏன் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது?
3. அந்தக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக நம்மில் யார் தயார்?