நம் கிணற்றுக்கு ஏற்ற வடிகட்டி எது?

தந்தை ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டதையும், மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டியதையும் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊர் திரும்பிய நமது குடும்பங்கள் பலவும் இந்த வேலையிலிருந்தே வாழ்வைத் தொடங்கின. இன்னும் திரும்ப முடியாதவர்கள் இரவல் காணியில் இருந்துகொண்டு பிறர் கிணற்றில் அள்ளுகிறார்கள். இரு பகுதியினருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தண்ணீரை எப்படிக் குடிக்கத்தக்கதாக்குவது?

இதற்கு விடை தெரியாத வீட்டுப் படலையில் தவணைக்கு இயந்திரம் விற்பவர் வந்து நிற்கிறார். விதைவெங்காயத்துக்கு வைத்திருந்த பணம் போய்விடுகிறது. தண்ணீரின் குறையோ அப்படியே இருக்கிறது. ஆகவே குறையை முதலில் அறிவோம். கருவியைப் பிறகு தேடுவோம்.

நான்கு குறைகள்

1. கலங்கல்: மண், பாசி, தூசு. கண்ணுக்குத் தெரியும்.

2. கிருமி: மலசலகூடக் குழி, மாட்டுப்பட்டி, வெள்ளநீர் என்பவற்றிலிருந்து வருவது. தெளிந்த நீரிலும் இருக்கும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் என்பன இதனால் வருகின்றன.

3. வன்மை: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்சியம், மகனீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கேத்திலில் வெள்ளையாகக் கல் படிவதும், சவர்க்காரம் நுரைக்காததும் இதனாலேயே.

4. கரைந்திருக்கும் வேறு பொருட்கள்: கடலோரத்தில் உவர், தோட்டக் கிணறுகளில் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று, வவுனியா போன்ற கருங்கற் பகுதிகளில் புளோரைட்டு. நைத்திரேற்றையும் புளோரைட்டையும் கண்ணாலும் நாக்காலும் அறிய முடியாது.

இலங்கைத் தரக் கட்டளை 614 (2013) குடிநீரின் ஒரு லீற்றரில் வன்மை 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம், புளோரைட்டு 1 மில்லிகிராம் என எல்லை வகுத்திருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரே அளவான இரண்டு போத்தல்களை எடுப்போம். ஒன்றில் மழைநீர், மற்றதில் கிணற்றுநீர். இரண்டிலும் சமஅளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குவோம். கிணற்றுநீர் நுரைக்காமல் தயிர்போலத் திரைந்தால் அது வன்னீர். அதே கிணற்றுநீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்தபின் மீண்டும் குலுக்குவோம். இப்போது நன்கு நுரைத்தால் அந்த வன்மை கொதிப்பதால் நீங்கும் வகை. அதற்கு இயந்திரம் தேவையில்லை. கொதித்தாறிய நீரைத் துணியில் வடித்தாற் போதும்.

நைத்திரேற்று, புளோரைட்டு, கிருமி என்பவற்றை ஆய்வுகூடத்திலேயே அறியலாம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்போம். தனித்துப் போவதிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் பல கிணறுகளுக்கு ஒன்றாகக் கேட்பது நல்லது.

எது எதைச் செய்யும்?

தேத்தாங்கொட்டை, முருங்கை விதை, படிகாரம்: கலங்கலை அடியில் படியச் செய்யும். நீர் தெளியும், ஆனால் கிருமி போய்விட்டதென்று நம்பக்கூடாது.

கொதிக்க வைத்தல்: நீர் நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். உவர், நைத்திரேற்று, புளோரைட்டு போகா. நீர் வற்ற வற்ற அவை செறிவாகும்.

வெயிற் போத்தல்: தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் கிடத்தினால் கிருமி அழியும். மப்பு நாளில் இரண்டு நாள் வேண்டும். விறகுக்கு முடையுள்ள இடத்தில் இது கைகொடுக்கும்.

சுட்டகளிமண் வடிகட்டி: மண்ணையும் பெரும்பாலான பற்றீரியாக்களையும் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது. மின்சாரம் வேண்டியதில்லை. மீண்டும் இடம்மாற நேர்ந்தாலும் கையில் எடுத்துச் செல்லலாம். வெடித்தால் மாற்ற வேண்டும்.

மணல் வடிகட்டி: மணலின் மேற்படையில் வளரும் நுண்ணுயிர்ப் படலமே கிருமிகளைக் குறைக்கிறது. அது வளர இரண்டு, மூன்று கிழமை செல்லும். அதுவரை கொதித்த நீரையே குடிக்க வேண்டும். மணலுக்கு மேல் எப்போதும் சுமார் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்க வேண்டும். பாரமானது; நிலையாக இருப்பவர்களுக்கே உகந்தது.

கரி வடிகட்டி: மணத்தையும் குளோரீனையும் எடுக்கும். காலத்துக்குக் காலம் கரியை மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி பெருகும்.

நீர் மென்மையாக்கி: இதிலுள்ள பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. கல் படியாது, சவர்க்காரம் மிச்சமாகும். கிருமியும் நைத்திரேற்றும் அப்படியே இருக்கும். மணிகளை இடையிடையே உப்புநீரால் கழுவ வேண்டும். அக்கழிவை கிணற்றடியிலோ பயிருக்கோ விடக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்நீரைக் குடிக்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம்: உவர், வன்மை, நைத்திரேற்று, புளோரைட்டு எல்லாவற்றையும் குறைக்கும். ஆனால் மின்சாரம் வேண்டும். உட்செல்லும் நீரில் ஒரு பகுதி கழிவாகப் போகும். சவ்வை மாற்றச் செலவாகும். ஒரு வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கடன்படுவதிலும், ஊருக்கு ஒன்று அமைத்துச் சங்கம் பராமரிப்பது இலகு.

மழைநீரை மறவோம்

நூறு ரூபா செலவழித்து உப்பை அகற்றுமுன், உப்பில்லாமல் வானத்திலிருந்து வருவதை எண்ணிப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 20 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையிலிருந்து, சேதாரம் போக, 300 மில்லிமீற்றர் மழையில் சுமார் 5,000 லீற்றர் சேரும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால் அது 200 நாளுக்குப் போதும். முதல் மழையை வெளியே விட்டு, தொட்டியை நுளம்பு புகாமல் மூட வேண்டும். குடிக்குமுன் கொதிக்க வைப்போம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலமாகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொதிநீர் இதற்குக் காப்பல்ல. தாய்ப்பாலே சிறந்த காப்பு. கிணற்றருகே பசளை போடாமலும், யூரியாவை ஒரேயடியாக இடாமல் பயிர் எடுக்கும் அளவுக்குப் பிரித்து இட்டும் நாமே இந்த நஞ்சைக் குறைக்கலாம்.

திரும்பிய காணியில்

கைவிடப்பட்ட கிணற்றில் வெடிபொருள் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது. பின்னர் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரீன் இடுவோம். மலசலகூடக் குழி குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்கட்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கழிவு தூரம் செல்லுமாதலால், அங்கே இன்னும் தள்ளி அமைப்பது நல்லது.

விற்பவரிடம் கேட்போம்

• எங்கள் நீரின் ஆய்வறிக்கையைப் பார்த்தீர்களா?
• இது எதை அகற்றும், எதை அகற்றாது?
• மாற்றும் பாகம் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, என்ன விலை, எங்கே கிடைக்கும்?
• மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது?

நேரான விடை வராவிட்டால் கையொப்பம் இடவேண்டாம்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. நமது ஊரில் எத்தனை கிணறுகளின் நீர் ஆய்வு செய்யப்பட்டிருக்கிறது?
2. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர், இல்லாதவருக்கு எவ்வாறு உதவலாம்?
3. அடுத்த மாரிக்கு முன் எந்தெந்த வீடுகளில் மழைநீர்த் தொட்டி அமைக்கலாம்?