மேய்க்கால் தரிசு அல்ல, குழி தோண்டாதீர்கள்!

காவாந்தண்டலம், மாகறல், உத்திரமேரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மழைக்காலம் நெருங்கினால் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான மேய்க்காலைப் பற்றி ஒரே பேச்சுதான்: "மேய்க்கால் சும்மாதானே கெடக்குது, மரத்தையாவது வச்சு வுடலாம்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தாவரவியல் படித்தவர்களே இதைச் சொல்லும்போது கோபம்தான் வருகிறது.

நம்பிக்கை 1: புல்தரை வெறும் தரிசு, மரம் நட்டால்தான் உருப்படும்.

உண்மை: ஐப்பசி மழைக்குப் பிறகு, உழவு படாத மேய்க்காலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். அருகுக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவே விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்திருக்கும். பக்கத்திலேயே ஓரிதழ்தாமரை, கொழுஞ்சி, தும்பை, செருப்படை. ஊசிப்புல்லின் விதை ஒன்றைப் பறித்து நனைத்துப் பாருங்கள். அதன் வால் முறுக்கவிழ்ந்து சுழலும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படித் திருகித் திருகியே விதை மண்ணுக்குள் இறங்குகிறது. இதையா ஒன்றுமில்லாத நிலம் என்கிறீர்கள்?

ஒரே ஒரு சதுர மீட்டரில் அதிகமான தாவர இனங்கள் பதிவானது மழைக்காட்டில் அல்ல, அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளியில்: 89 இனங்கள். பரப்பு பெரிதானால்தான் மழைக்காடு முந்துகிறது.

புல்தரைச் செடிகளுக்கு முழு வெயில் வேண்டும். நெருக்கமாக மரம் வைத்தால் சில வருடங்களில் நிழல் மூடி, வெயில் விரும்பிகள் ஒவ்வொன்றாக மறையும். அதற்கும் முன்பே பொக்லைன் வேர்களையும் கிழங்குகளையும் பெயர்த்துப் போட்டுவிடுகிறது. பழைய புல்வெளி ஒருமுறை கிளறப்பட்டால் மீண்டு வர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும்.

இந்தத் தவறு புதிதல்ல. 1981இல் ஸ்வீடன் உதவியுடன் இங்கே சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. ஏரி உள்வாய்களில் கருவேலம் வரிசை கட்டியது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியமே அமைத்தார்கள். தரிசு என்று எழுதிய இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் பூக்கள் நிறைந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது. இன்று விதை தூவி மீட்கப் பாடுபடுகிறார்கள். நாமும் இழந்துவிட்டுத்தான் அழ வேண்டுமா?

மரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலையோரம், வீட்டுக் கொல்லை, பள்ளி வளாகம், வரப்பு என்று எத்தனையோ இடம் இருக்கிறது. அங்கே வையுங்கள், நட்டதற்குத் தண்ணீரும் ஊற்றுங்கள்.

நம்பிக்கை 2: மரம் வைத்தால் ஊருக்கு மழை வரும்.

உண்மை: நமக்கு மழை தருவது பருவக்காற்றும் வங்கக்கடலும். இரண்டு ஏக்கர் தைல மரம் மேகத்தை இழுத்து வராது. மண்ணில் இருக்கும் ஈரத்தைத்தான் உறிஞ்சும்.

நம்பிக்கை 3: ஆடு மாடு மேய்ந்தால் புல்வெளி அழிந்துவிடும்.

உண்மை: புல்லின் வளர்முனை தரையோடு ஒட்டி இருப்பதால் மேய்ந்த பிறகும் துளிர்க்கிறது. அளவான மேய்ச்சல் உயரமான புல்லைக் குறைத்து, சின்னச் செடிகளுக்கு வெளிச்சம் விடுகிறது. நம் மாவட்டத்தின் சென்னைச் சிவப்புச் செம்மறியாடு இந்த மேய்ச்சலை நம்பி வளர்ந்த இனம். நிலத்துக்கு ஓய்வே கொடுக்காமல் மேய்ப்பதுதான் கேடு.

நம்பிக்கை 4: சீமைக்கருவேலமும் பசுமைதானே?

உண்மை: இல்லை. கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியை அது தின்றுகொண்டிருக்கிறது. அதை வேரோடு எடுங்கள். எடுத்த இடத்தில் வேறு மரத்தைத் திணிக்காமல் புல்லுக்கு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. பல்லுயிர்ச் சட்டம், 2002இன்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊர்ப் பதிவேட்டில் மேய்க்கால் இருக்கிறதா, அதில் எத்தனை புல், எத்தனை மூலிகை? பேர் சொல்லத் தெரிந்தவர்கள் ஆடு மேய்க்கும் பெரியவர்கள். பள்ளிப் பிள்ளைகளை அவர்களோடு அனுப்பி எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வராமல் ஒரு குழிக்குக்கூடத் தீர்மானம் போடாதீர்கள்.