நுனி வெட்டிய காது

நுழையும்முன்

உங்கள் குடியிருப்பின் வாயிலருகே படுத்திருக்கும் நாயின் காதைத் தொலைவில் நின்று பாருங்கள். அருகில் செல்ல வேண்டா. உறங்கும் நாயை எழுப்பவும் வேண்டா. காதின் நுனியில் சிறு வெட்டு ஒன்று ஒழுங்காக அமைந்திருந்தால், அது பெரும்பாலும் சண்டையில் கிழிந்ததாக இராது. உள்ளாட்சியின் ஏற்பாட்டில் இடப்பட்ட அடையாளம் அது. அந்த அடையாளம் சொல்லும் செய்தியை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

பக்கவாட்டில் ‘நகர் நிகம்’ என்று இந்தியில் எழுதிய வண்டி தெருவுக்குள் வருகிறது. பணியாளர் வலை வீசி நாய்களைப் பிடித்து ஏற்றிச் செல்கின்றனர். தெருவில் சிலர் மகிழ்கின்றனர். நாள்தோறும் சோறு வைத்த சிலர் கண்கலங்குகின்றனர். சில நாள் கழிகின்றன. அதே வண்டி வந்து, அதே நாய்களை, அதே தெருவில் இறக்கிவிட்டுப் போகிறது. “பிடித்ததை ஏன் திரும்பக் கொண்டுவந்தார்கள்?” என்று பெரியவர்களே சினந்து கேட்பதுண்டு. பணியாளரின் சோம்பல் இதற்குக் காரணமன்று. விதி அவ்வாறு சொல்கிறது. விதிக்குப் பின்னே ஒரு கணக்கும் இருக்கிறது.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வெளியிடப்பட்டன. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை இவ்விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. கழுத்தை இறுக்கும் கம்பியாலோ இடுக்கியாலோ பிடித்தல் கூடாது. கையாலோ வலையாலோ பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் பிடித்தனர் என்பது பதிவேட்டில் எழுதப்படும். நாய் மயக்கத்தில் இருக்கும் வேளையிலேயே காதில் வெட்டு இடப்படும். புண் ஆறியபின் பதிவேட்டைப் பார்த்து அதே இடத்தில் இறக்கிவிடுவர். அடுத்த முறை வண்டி வரும்போது, ஓடும் நாயையும் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு விட்டுவிட அவ்வெட்டு உதவுகிறது. அஃது இல்லையேல், முன்பே அறுவை முடிந்த நாயை மீண்டும் பிடித்துச் செல்ல நேரிடும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். நாய் எல்லை வகுத்து வாழும் விலங்கு. ஒரு தெருவில் உள்ள குப்பைத் தொட்டி, இறைச்சிக் கடை, இரக்கமுள்ள வீடுகள் ஆகியவை எத்தனை நாய்களுக்கு உணவளிக்குமோ, ஏறத்தாழ அத்தனை நாய்கள் அங்கே வாழும். அவற்றை முற்றிலும் அகற்றிவிட்டால் உணவு அங்கேயே எஞ்சியிருக்கும், இடம் காலியாகும். அடுத்த தெருவின் நாய்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வருபவை தடுப்பூசி போடாதவையாகவும் குட்டி ஈனக்கூடியவையாகவும் இருக்கலாம். கருத்தடை செய்த நாய் தன் இடத்தில் இருந்தால், புதியவற்றை உள்ளே விடாது, தானும் பெருகாது. ஆகவே எண்ணிக்கை மெல்லக் குறையும்.

இம்முறையின் தொடக்க வரலாற்றில் நம் சென்னைக்கு ஓரிடம் உண்டு. அங்குள்ள புளூ கிராஸ் அமைப்பு 1964ஆம் ஆண்டிலேயே கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே, தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கமாக இருந்து வந்தது. எத்தனை கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதே அவ்வமைப்பினர் முன்வைத்த வாதம். 1996இல் சென்னை மாநகராட்சி கொல்லுதலைக் கைவிட்டுக் கருத்தடை முறையை ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டு கழித்து நாடு முழுமைக்கும் அதுவே விதியாயிற்று.

ஆனால், விதி நல்லதாக இருப்பது வேறு. அது நடப்பது வேறு. ஒரு வட்டாரத்து நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால்தான் நோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக நல அமைப்பின் கருத்து. கருத்தடையும் அவ்வாறே; குறுகிய காலத்தில் பெரும்பாலானவற்றுக்கு முடித்தால்தான் பயன் தெரியும். தெருவுக்கு இரண்டு நாயைப் பிடித்துவிட்டு ஓராண்டு வண்டி வராமலிருந்தால், எஞ்சியவை ஈனும் குட்டிகள் அக்குறைவை நிரப்பிவிடும். நாட்டின் பல நகரங்களில் இதுவே நிலைமை. எனவே சினந்து பேசும் பெரியவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய அச்சத்திற்குப் பெயர் உண்டு: வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ்.

இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், உலகில் வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நோய்க்கிருமி விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடிவாய் வழியாக நுழைந்து நரம்பு வழியே மூளையை நோக்கிச் செல்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது. குறி தோன்றுமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் நம் கையில் இருக்கிறது.

கடித்தாலோ, பல் கீறினாலோ, புண்ணை நக்கினாலோ முதலில் செய்ய வேண்டியது, வழலைக்கட்டி இட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. பின்னர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலினுள் போடும் ஊசியாக முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை போடுவர். புண் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்துவர். ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று பாட்டிமார் சொல்வது பழங்காலத்துத் தடுப்பூசியைப் பற்றியது. இப்போது ஊசி கையில்தான் போடப்படுகிறது. அந்தப் பதினான்கு ஊசிக்கு அஞ்சியும், ‘ஏன் நாயிடம் போனாய்?’ என்ற அதட்டலுக்கு அஞ்சியும் கடியை மறைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடித்தது சின்னஞ்சிறு குட்டியாக இருந்தாலும், பூனையாக இருந்தாலும், குரங்காக இருந்தாலும் வீட்டில் அன்றே சொல்லுங்கள்.

தடுப்பூசியை 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தியவர் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர். அவர் பெயர் தாங்கிய நிறுவனங்கள் நம் நாட்டில் இமயமலைச் சாரலின் கசௌலியில் 1900இலும், நீலகிரியின் குன்னூரில் 1907இலும் தொடங்கப்பட்டன. விடுமுறையில் உதகைக்குச் செல்வோர் குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே அக்கட்டடத்தைக் காணலாம்.

2025ஆம் ஆண்டில் இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தில்லியிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவ்வாணையைத் திருத்தியது: அறுவையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் ஐயத்திற்குரியவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடப்படலாகாது, தெருவில் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் இட வேண்டும். பின்னர் நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், அவ்விடங்களில் மீண்டும் விடக் கூடாது என்று ஆணை வந்தது. பள்ளி வாயிலில் பல்லாண்டு படுத்திருந்த நாயைக் காணவில்லையே என்று நீங்கள் கேட்டால், காரணம் இதுவாக இருக்கலாம். முதல் வகுப்புக் குழந்தை அஞ்சாமல் நடக்க வேண்டும் என்பதும் நியாயம். யாரையும் கடிக்காத நாய் கூண்டில் முதுமையடைவது வருத்தம் என்பதும் உண்மை. இரண்டையும் உணர்ந்தே இதைப் பேச வேண்டும்.

தெருவில் அலையும் நாய்கள் எல்லாம் தெருவில் பிறந்தவை அல்ல. இது குறிப்பாக நமக்கு உரிய செய்தி. நம்மில் பலருடைய தந்தையோ தாயோ படைப்பிரிவிலும் இரயில்வேயிலும் மைய அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். இடமாற்ற ஆணை வருகிறது. கட்டிலும் அலமாரியும் லாரியில் ஏறுகின்றன; நாய் வாசலில் நிற்கிறது. “காவலாளி பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுக் குடும்பம் புறப்பட்டுவிடுகிறது. அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இடமாற்றக் காலத்திலும் இது நிகழ்கிறது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குக் குப்பையில் உணவு தேடத் தெரியாது. தெருநாய்க் கூட்டமும் அதனைச் சேர்த்துக்கொள்ளாது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தால் தண்டம் 10 முதல் 50 ரூபாய்! பல்லாண்டுகளாக மாறாத அந்தத் தொகைக்கு இன்று நல்ல நோட்டுப் புத்தகம்கூடக் கிடைக்காது.

உடன் அழைத்துச் செல்ல வழி உண்டு. முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இருவர் அல்லது நால்வர் அறை முழுவதையும் பதிவு செய்தால் நாய் நம்மோடு வரலாம். அல்லது இரயிலின் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் தேவை. செலவு உண்டு, அலைச்சலும் உண்டு. ஆகவே அடுத்த இடமாற்றத்தை எண்ணிப் பார்த்த பின்பே குட்டியைக் கொண்டுவர வேண்டும்.

அவ்வாறு எண்ணித் துணிந்தவர் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காப்பகங்களில் நாட்டு நாய்க் குட்டிகள் தத்தெடுப்போரை எதிர்பார்த்திருக்கின்றன. பனிநாட்டு நாயைக் கொண்டுவந்து மே மாதத்து நாகபுரி வெயிலில் மூச்சிரைக்க விடுவதினும், இம்மண்ணின் வெயிலுக்குப் பழகிய குட்டி மேல். தத்தெடுத்தபின் மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று 22ஆம் நாள் ஆணையும் சொல்கிறது. தில்லி போன்ற நகரங்களில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்தல் கட்டாயம்.

காட்டுயிர்களின் நிலை வேறு. நாய் மாநகராட்சிக்கு உரியது. காட்டுயிர் வனத்துறைக்கு உரியது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தடியைத் தேடாமல், கதவைச் சாத்தி விலகி நின்று வனத்துறையையோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரையோ அழைக்க வேண்டும். கூண்டில் அடைத்து விற்கப்படும் நம் நாட்டுப் பச்சைக்கிளியை வாங்குவதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘அன்போடுதானே வளர்க்கிறோம்’ என்பது அங்கே விடையாகாது.

குரங்கு மட்டும் இரு துறைக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கிறது. தில்லியின் அரசு அலுவலகங்களில் கோப்புகளைக் கிழிக்கும் குரங்குகளைப் பிடித்து அசோலா பாட்டி காட்டுயிர்க் காப்பிடத்தில் விடுமாறு 2007இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்பும் பின்பும், கரிய முகமும் நீண்ட வாலும் உடைய முசுக்களைக் கயிற்றில் கட்டி அழைத்துவந்து குரங்குகளை விரட்டினர். முசு பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. பின்னர் முசுவைப் போலக் குரலெழுப்ப மனிதர்களையே பணியமர்த்தினர்! 2023இல் ஜி-20 மாநாட்டின்போது முசுவின் உருவப் பலகைகளும் நிறுத்தப்பட்டன. குரங்குக்கு வாழைப்பழம் வீசி அதனைத் தெருவுக்குப் பழக்கியவர் யார் என்பதை ஆராய எந்த ஆணையும் வரவில்லை.

சொற்பொருள்

வதை – துன்புறுத்தல். அறுவை – அறுத்துச் செய்யும் மருத்துவம். வழலைக்கட்டி – சோப்பு. தண்டம் – அபராதம். முசு – கருமுகக் குரங்கு. ஞமலி – நாய் (பழஞ்சொல்).

மரபு அறிவோம்

நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயர் ‘குருளை’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. இன்று நாய்க்குட்டி என்கிறோம். ஒலிமரபில் நாய் குரைக்கும், நரி ஊளையிடும், குரங்கு அலப்பும், பாம்பு சீறும், கிளி பேசும். ‘நாய் கத்துகிறது’ என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.

பயிற்சி

1. பிடித்த நாயை அதே இடத்தில் விடுவதன் காரணத்தை உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

2. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக. எழுதியதை வீட்டில் உள்ளோர்க்குத் தமிழில் படித்துக் காட்டுக.

3. ‘பள்ளி வளாகத்தில் நாய்கள் இருக்கலாமா?’ இருவர் இருவராகப் பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதிடுக. பின்னர்ப் பக்கம் மாறி வாதிடுக.

4. உம் தெருவில் காது வெட்டுடைய நாய்கள் எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பெரியவர் ஒருவருடன் சென்று, தொலைவில் நின்று எண்ணுக. அவ்வெண்ணிக்கையைக் குறிப்பிட்டு, விடுபட்ட நாய்களுக்கு அறுவையும் தடுப்பூசியும் செய்யுமாறு மாநகராட்சி ஆணையர்க்கு விண்ணப்பம் எழுதுக. தமிழில் எழுதியபின் அதனை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, பெற்றோர் ஒப்புதலுடன் அனுப்புக.