எண்ணெய்த் துளியில் ஏறிவரும் மருந்து

சென்ற தவணை விடுமுறையில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். என் மாமாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் எங்கள் பெரியும்மா. அன்றிலிருந்து மாமா பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை சைக்குளோஸ்போரின் என்ற மருந்தை விழுங்கி வருகிறார். கடையில் கிழமை நாட்கள் எழுதிய சிறிய பெட்டியொன்றைக் கண்ட நான், அதை வாங்கி வந்து, ஏழு நாட்களுக்குரிய கப்சூல்களையும் ஈயத்தாளிலிருந்து பிதுக்கி எடுத்து அழகாக அடுக்கி வைத்தேன். எடுக்கும்போது ஒருவித மணம் வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “உயர்தரத்தில் பயோ படிக்கிற பிள்ளையல்லவா!” என்று மாமி மெச்சினார்.

மறுநாள் மாமாவுக்குக் கிளினிக். நானும் கூடப் போனேன். பெட்டியைக் கண்ட மருந்தாளர் முகம் சுளித்தார். “இதை விழுங்கும் நேரத்தில்தான் தாளிலிருந்து எடுக்க வேண்டும் மகள். உள்ளே இருப்பது தூளல்ல. எண்ணெயும் மதுசாரமும் சேர்ந்த திரவம். வெளியே கிடந்தால் மதுசாரம் மெல்ல மெல்லப் போய்விடும்” என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பெரியும்மாவின் சிறுநீரகத்தோடல்லவா நான் விளையாடியிருக்கிறேன்! வீட்டுக்கு வந்ததும் என் மனதில் ஒரே கேள்விதான். ஒரு மருந்தை ஏன் எண்ணெயில் கரைத்து அடைக்க வேண்டும்?

விடையின் பாதி எங்கள் குசினியிலேயே இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கினால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். அதே மஞ்சள் ஆணத்தில் மேலே மிதக்கும் எண்ணெயைப் பொன்னிறமாக்கிவிடுகிறது. மஞ்சளின் நிறப்பொருள் நீரை வெறுத்து எண்ணெயை விரும்புவது. சைக்குளோஸ்போரினும் அந்தச் சாதிதான். அது 11 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த ஒரு மூலக்கூறு. அவற்றின் பிணைப்புகளில் ஏழில், நைதரசனில் ஐதரசன் இருக்க வேண்டிய இடத்தை மெதைல் கூட்டம் பிடித்திருக்கிறது. ஆகவே நீரோடு ஐதரசன் பிணைப்பு உண்டாக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நம் குடலிலோ இருப்பது நீர்மயம். கரையாத மருந்து குடற்சுவரைக் கடக்காது. விழுங்கியது விழுங்கியபடியே வெளியேறிவிடும்.

இந்தச் சிக்கல் ஆரம்பத்திலேயே மருந்தின் கதையை முடித்துவிடப் பார்த்தது. 1969இல் நோர்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பங்கசுவிலிருந்துதான், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சண்டோஸ் நிறுவனத்தார் இப்பொருளைப் பெற்றனர். நிர்ப்பீடனத்தை அடக்கும் அதன் ஆற்றல் 1972இல் தெரியவந்தது. ஆனால் தூளாகக் கப்சூலில் அடைத்து விழுங்கியபோது இரத்தத்தில் போதிய அளவு சேரவில்லை. ஆய்வாளர் ஜோன் பிரான்சுவா பொரெல் மருந்தை மதுசாரத்தில் கரைத்து, குழம்பாக்கி ஒன்றும் சேர்த்துத் தாமே குடித்தார். அப்போது இரத்தத்தில் மருந்து தென்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், சத்திரசிகிச்சை நிபுணர் ரோய் கால்னின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கிரேக்கரான அல்கிஸ் கொஸ்தாகிஸ், அதை ஒலிவ் எண்ணெயில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார். இங்கிலாந்துச் சாப்பாட்டில் மகன் மெலிந்து போவானோ என்று அவருடைய தாய் அனுப்பிய எண்ணெய் அது என்று கால்ன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். உம்மாமார் எங்கும் ஒன்றுதான் போலும்.

எண்ணெயில் கரைத்தால் மட்டும் போதுமா? இல்லை. எண்ணெயும் நீரில் கலக்காதே. இங்குதான் நாம் சாதாரண தரத்தில் படித்த பித்தம் வருகிறது. பித்த உப்புகள் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து, நொதியம் தாக்க வழிசெய்கின்றன. 1983இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் சைக்குளோஸ்போரின் மருந்து இந்தப் பித்தத்தை நம்பியே இருந்தது. அதன் பானத்தைப் பாலிலோ தோடம்பழச் சாற்றிலோ கலக்கிக் கண்ணாடிக் குவளையில் குடிக்க வேண்டும். பிளாஸ்ரிக் குவளை கூடாது. ஆனால் பித்தம் எல்லோரிடமும் எல்லா வேளையும் ஒரே அளவாகச் சுரப்பதில்லை. ஈரல் மாற்றிய சில நோயாளரில் கொடுத்த மருந்தின் 10 சதவீதம்கூட இரத்தத்தைச் சேரவில்லை. சிறுநீரகம் மாற்றிய சிலரில் 89 சதவீதம் வரை சேர்ந்தது. இது வெறும் எண் விளையாட்டல்ல. அளவு குறைந்தால் உடல் புதிய உறுப்பை அந்நியனென்று தாக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். காக்க வந்ததே கெடுக்கும் என்பதைப் படித்தபோதுதான், மாமாவின் இரத்தத்தை ஏன் அடிக்கடி சோதிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

பித்தத்துக்காகக் காத்திராமல், துளியாகும் வேலையை மருந்துக்கே கற்றுக்கொடுத்தால் என்ன? 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற நியோரல் அப்படிப்பட்டது. மாமாவின் கப்சூலும் அந்த வகையே. அதனுள் சோள எண்ணெயிலிருந்து பெற்ற கொழுப்புப் பொருள், ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய குழம்பாக்கி, மதுசாரம் முதலியவை இருக்கின்றன, நீர் இல்லை. குழம்பாக்கியின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை நீரைப் பிடிக்கும். சவர்க்காரம் செய்யும் அதே வேலை. கப்சூல் வயிற்றில் உடைந்து திரவம் நீரைத் தொட்டதும், இரைப்பையின் மெல்லிய அசைவிலேயே அது கோடானுகோடி துளிகளாகச் சிதறுகிறது. ஒவ்வொரு துளியும் 100 நனோமீற்றரிலும் சிறியது. மருந்து அதனுள் கரைந்தபடியே குடலின் சடைமுளைகளை நெருங்குகிறது.

100 நனோமீற்றர் என்றால் என்னவென்று மனதில் பதியவில்லை. அப்பியாசக் கொப்பியில் கணக்குப் போட்டேன். ஒரு மில்லிலீற்றர் எண்ணெயை ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் குறைவு. அதே எண்ணெயை 100 நனோமீற்றர் துளிகளாக்கினால் 60 சதுர மீற்றர்! எங்கள் வகுப்பறைத் தரையைவிட அதிகம். நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு என்பது ஆறு மடங்கு கனவளவை விட்டத்தால் வகுத்தது, அவ்வளவே.

எல்லா மருந்துக்கும் இந்த வழி சரிவராது. எண்ணெயிலும் கரைய மறுக்கும் மருந்துகள் உண்டு. சில மருந்துகள் துளியாகிய பின்னர் குடலுக்குள்ளேயே மீண்டும் பளிங்காகப் படிந்துவிடும். குழம்பாக்கியை அளவுமீறிச் சேர்த்தால் வயிறு ஏற்காது. பழைய வகையும் புதிய வகையும் ஒரே மருந்துதானே என்று வைத்தியரைக் கேட்காமல் மாற்றுவதும் ஆபத்து. மில்லிகிராம் ஒன்றாயிருந்தாலும் இரத்தத்தைச் சேரும் அளவு வேறு.

மதுசாரம் பற்றி நான் தயங்கித் தயங்கி மாமாவிடம் கேட்டேன். “அதையெல்லாம் ஆரம்பத்திலேயே மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொண்டுதான் குடிக்கிறேன் மகள்” என்று சிரித்தார். அந்த மாத இரத்தப் பரிசோதனையில் மருந்தின் மட்டம் சரியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். நான் பிதுக்கிய கப்சூல்களை மருந்தாளர் அன்றே வாங்கி வைத்துவிட்டு வேறு தந்திருந்தார். இப்போது ஈயத்தாள் அட்டைகள் அப்படியே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கிழமை நாட்கள் எழுதிய பெட்டியில் மாமி பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறார்.