கண் அழுத்த நோய்: துளி மருந்தைச் சரியாக விடுவது எப்படி?

குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்குத் துளி மருந்து பெற்றுவரும் மூத்தோருக்கும், வீட்டில் அவர்களுக்கு உதவும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கையேடு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அழுத்தம்’ என்றதும் பலர் இரத்த அழுத்தத்தை நினைக்கிறார்கள். “பிரஷர் மாத்திரைதான் தினமும் சாப்பிடுகிறேனே, கண்ணுக்கு வேறு எதற்கு?” என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு. கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் சுரந்து, மெல்லிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பெயரிலுள்ள ‘பாரிட்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்று பொருள். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கிரியான் வயல்களில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணிலும் அப்படித்தான். வெளியேற முடியாத நீர் உள்ளே அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கிறது. கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். சிலருக்கு 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே உங்களுக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இந்த நோயில் பெரும்பாலோருக்கு வலி இருக்காது. ஓரப்பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால் நோய் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை வட்டாரங்களில் கண் மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று பரிசோதித்தபோது, இந்நோய் இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கும் மேல் அதை அன்றுதான் முதன்முதலாக அறிந்துகொண்டார்கள்.

கண்புரையால் மங்கிய பார்வையை அறுவைச் சிகிச்சை மீட்டுத் தரும். கண் அழுத்த நோயால் போன பார்வை திரும்பாது. எஞ்சியிருப்பதைக் காப்பதற்குத்தான் மருந்து. “இத்தனை மாதம் விட்டும் பார்வை கூடவில்லையே” என்று நிறுத்திவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வை அப்படியே நிற்கிறது என்றால், மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கண் அழுத்தம் கூடியிருந்த 1,600-க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவில் ஐந்தாண்டுகள் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்து விடாதவர்களில் 100-க்கு 9 பேருக்கு மேல் நோய் வந்தது. விட்டவர்களில் 4 பேருக்குச் சற்று மேல்தான்.

விடும் முறை

கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலின் ஒட்டுச் சீட்டைப் பாருங்கள்; குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்க்கலாம். கட்டிலில் படுத்துக்கொள்வது இன்னும் எளிது. ஒரு விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் சிறு பை போல ஒரு குழி தெரியும். மேலே பார்த்தபடி, அந்தக் குழிக்குள் ஒரே ஒரு துளி விடுங்கள். கருவிழியின் மேல் நேராக விட வேண்டாம். கண் கூசி மூடிக்கொள்ளும். போத்தலின் முனை கண்ணையோ இமை முடியையோ விரலையோ தொடக்கூடாது. தொட்டால் கிருமி உள்ளே போகும்.

பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். அந்த மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு சிறு குழாய் போகிறது. சில மருந்துகளை விட்டபின் தொண்டை கசப்பது அதனால்தான். அழுத்திப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். இரத்தத்தில் கலப்பது குறையும். டிமோலோல் விடுபவர்களுக்கு இது மிக முக்கியம். அம்மருந்து உடம்பில் கலந்தால் நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். ஆஸ்துமாவோ இருதய நோயோ இருந்தால் கண் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு நோய்க்காக வேறு டாக்டரைப் பார்க்கும்போதும் கண் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் மருந்தும் மருந்துதான்.

இரண்டு வகைத் துளிகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடம் காத்திருங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

ஒரு துளி போதுமா என்று சந்தேகம் வேண்டாம். ஒரு துளியையே முழுதாகக் கொள்ளக் கண்ணில் இடமில்லை. மிச்சம் கன்னத்தில்தான் வழியும். லட்டானோபுரோஸ்ட் போத்தலில் 2.5 மில்லிலிட்டர் மருந்து, ஏறக்குறைய 80 துளிகள் இருக்கும். இரு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொரு துளி என்றால் மாதத்துக்கு 60. இரண்டிரண்டாக விட்டால் இருபதாம் நாளே போத்தல் காலி. மிச்ச நாள்கள் மருந்தில்லாமல் கழியும்.

கை நடுங்கினால்

பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கைகளில் மூட்டுவலி இருப்பது புதிதல்ல. போத்தல் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். அதுவும் முடியாவிட்டால் படுத்து, கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையில் ஒரு துளி விட்டுக் கண்ணைத் திறங்கள். மருந்து தானே உள்ளே இறங்கும். மருந்து உள்ளே விழுந்ததா என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் விடுபவர்கள், போத்தலைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். குளிர்ந்த துளி விழுவது தெரியும். பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சீட்டில் இருக்கும் மலாய்ச் சொற்கள்

‘மாத்தா கானான்’ என்றால் வலது கண். ‘மாத்தா கீரி’ இடது கண். ‘கெடுவா-டுவா மாத்தா’ இரண்டு கண்களும். ‘தித்திஸ்’ என்பது துளி. ‘செபெலும் தீடோர்’ என்பது தூங்குமுன். ‘செதியாப் 12 ஜாம்’ என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது காலை 8 மணிக்கு விட்டால் இரவு 8 மணிக்கு. காலைத் துளியைப் பசியாறும் நேரத்தோடும், இரவுத் துளியைப் படுக்கும் நேரத்தோடும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் விடுங்கள்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் விடுங்கள். இரட்டிப்பாக வேண்டாம்.

தைப்பூச விரதத்தின்போது மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் விடும் துளி உணவு ஆகாது. தண்ணீர்மலைக்குப் போனாலும் கல்லுமலைக்குப் போனாலும் மருந்து கூடவே வரட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

திறந்த நாளைப் போத்தலில் எழுதி வையுங்கள். பெரும்பாலான துளி மருந்துகளைத் திறந்து நான்கு வாரம் ஆனதும், மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். திறக்காத லட்டானோபுரோஸ்ட் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். உறைபனித் தட்டில் அல்ல.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். கண் சிவந்தால் கடையில் தானாக ஒரு துளி மருந்து வாங்குவதும் ஆபத்து; அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தம் ஏறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் மாதம் முழுதும் மறந்துவிட்டு, கிளினிக் தேதிக்கு முந்தைய சில நாள்கள் மட்டும் தவறாமல் விடுகிறார்கள். அன்று அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நரம்பு கெட்டுக்கொண்டே போவதைக் காணும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு மருந்தையோ அறுவையையோ யோசிப்பார். விடாமல் போன நாள்களை உள்ளபடி சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். எரிச்சல், கண் சிவப்பு, தூக்கக் கலக்கம் என்று ஏதும் தொல்லை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திடீரெனக் கடுமையான கண்வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம், தலைவலியுடன் வாந்தி வந்தால் மறுநாள்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தைப்பிங்கிலோ ஈப்போவிலோ கண் சிகிச்சை பெறுபவர்கள், அடுத்தடுத்த மாத மருந்தை எஸ்.பி.யு.பி. முறையில் வீட்டருகே உள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்க முடியுமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது போத்தலையும் கொண்டுபோய், அவர் முன்னால் ஒரு துளி விட்டுக் காட்டுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்துவார். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. உங்கள் உடன்பிறந்தோரும், 40 வயதைக் கடந்த பிள்ளைகளும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.